பூட்டிய போனில் பேசிக் காட்டியவள்

கொழுந்துக் கூடை சுமக்காமல் தப்பித்த முதல் பெண் என்று பிலோமியைப் பற்றி அந்தத் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் ஐந்து வருடம் பெருமையாகப் பேசினார்கள். ஆறாவது வருடம் பேச்சு மாறிவிட்டது.

அவளுடைய அப்பா அமல்தாஸ் பேக்டரியில் இலை வாட்டும் மாடியில் வேலை செய்தார். அம்மா இல்லை. பாரம் மூன்று என்ற ஒன்பதாம் வகுப்பு வரை படித்த பெண்ணுக்கு மலாயும் ஆங்கிலமும் சரளமாக வந்தன. சந்தைக்குத் தேவையான அளவுக்குச் சீனமும் பிடிபட்டிருந்தது. இது போதுமென்று திரிங்காப்பில் லோரி கம்பெனி நடத்திய சாம்பசிவம் 1971இல் அவளைத் தன் ஆபீசில் டெலிபோன் பக்கத்தில் உட்கார வைத்தார். ஆபீஸ் என்றால் சாலையோரத்தில் ஒரு தகரக் கொட்டகை, இரண்டு மேசை, ஒரு கறுப்பு போன். கோலா தெர்லாவிலிருந்து முட்டைக்கோஸ் எத்தனை கூடை, தக்காளி எத்தனை கூடை, எந்த லோரி ஈப்போவுக்கு, எது கோலாலம்பூருக்கு என்று எல்லாம் அந்த போன் வழியாகத்தான் நடந்தது. மழைக்குத் தாப்பா சாலையில் மண் சரிந்தால், எந்த லோரி எந்த வளைவில் நிற்கிறது என்று பிலோமி சொல்வதைக் கேட்டுத்தான் கோலாலம்பூர் வியாபாரிகள் அன்றைய விலையையே முடிவு செய்தார்கள். முகம் பார்க்காத அந்த ஆட்கள் அவளை மிஸ் என்று கூப்பிட்டார்கள். அதைக் கேட்கும்போது அவளுக்கு முதுகு தானாக நிமிரும்.

1976 நடுவில் போன் பில் திடீரென்று மூன்று மடங்காக வந்தது. சாம்பசிவம் ஈப்போவுக்குப் போய், போனுக்குப் போடும் பித்தளைப் பூட்டு ஒன்றை வாங்கி வந்தார். சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். எண் சுழற்றும் வட்டின் துவாரம் ஒன்றில் அதைச் செருகித் திருகிவிட்டால் வட்டு சுழலாது. வருகிற போனை எடுக்கலாம், இங்கிருந்து யாருக்கும் போட முடியாது. சாவியை இடுப்புச் சங்கிலியில் கோத்துக்கொண்டார். சாலையோரக் கடைக்காரர்கள் எல்லாம் வந்து அந்தப் பூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த பில்லும் குறையவில்லை.

அப்போது பிலோமிதான் அவருக்கு வழி சொன்னாள். "முதலாளி, பில்லுல மொத்தந்தான் இருக்கு. யாருக்கு, எந்த நாள் போட்டதுன்னு இல்ல. ஆனா எக்ஸ்சேஞ்சுல நம்ம நம்பருக்கு ஒரு மீட்டர் ஓடும். சனிக்கிழம சாயந்தரம் ஒரு தடவ, திங்கக்கிழம காலையில ஒரு தடவ பாக்கச் சொல்லுங்க. எந்த நாள்ல ஏறுதுன்னு தெரிஞ்சிரும்."

ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலுக்குப் போய்விடுவாள். அன்று ஆபீசைத் திறப்பது நாகரத்தினம், சாம்பசிவத்தின் மனைவியுடைய தம்பி. அவள் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சாம்பசிவமும் கேட்கவில்லை. "பாக்கலாம் லா" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை, டிரைவர்கள் டிரிப் சீட்டு வாங்கக் காத்திருந்த நேரத்தில், அவர் அவளுடைய மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"பைய எடு."

"எதுக்கு முதலாளி?"

"கள்ளச்சாவி வெச்சிருக்கே. எடுன்னா எடு."

அவள் எடுக்கவில்லை. அவரே பையைப் பிடுங்கித் தலைகீழாக மேசைமேல் கொட்டினார். சோற்று டப்பா, சீப்பு, ஜெபமாலை, மாதவிலக்குக்காக மடித்து வைத்திருந்த துணி. சாவி இல்லை. டிரைவர் வீரப்பன் அந்தத் துணியை விரல் நுனியால் தூக்கி, "இதுல ஒளிச்சி வெச்சிருக்கியா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நாகரத்தினமும் சிரித்தான்.

"சாவி கிடைக்காட்டி என்னா? ஏழுலேர்ந்து நாலு வரைக்கும் போன் பக்கத்துல நீதானே உக்காந்திருக்கே" என்றார் சாம்பசிவம். "நாளையிலேர்ந்து வராதே."

அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். துணியை மட்டும் எடுக்கவில்லை. அதை எடுக்க வீரப்பன் பக்கத்தில் போகவேண்டியிருந்தது.

அவள் லயத்துக்கு வந்து சேருமுன் சாம்பசிவம் தோட்டத்து ஆபீசின் தலைமைக் கணக்கரான பெரிய கிராணிக்கு போன் செய்துவிட்டார். கிராணி பேக்டரி வாசலிலேயே அமல்தாசைக் கூப்பிட்டு, நாலு பேர் முன்னால் சொன்னார். அப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"நான் செய்யலப்பா."

"செஞ்சியா செய்யலியான்னு நான் கேக்கல" என்றார் அவர். "நாலு பேரு வாயில விழுந்துட்டியே, அதக் கேக்கறேன். தாப்பா மாப்பிள்ள வீட்டுக்கு இப்ப நான் என்னா சொல்றது?"

தை பிறந்ததும் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தார்கள்.

ஒரு வாரம் அவள் ஒரே கேள்வியோடு கிடந்தாள். பூட்டிய போனில் எப்படிப் பேசுவது? அந்த வாரக் கடைசியில் காற்றுக்கு மரம் சாய்ந்து தோட்டத்துப் போன் லைன் அறுந்தது. தானா ராத்தாவிலிருந்து லைன்மேன் கந்தன் வந்தான். அவள் போய்க் கம்பத்தடியில் நின்று அவனிடம் அந்தக் கேள்வியைக் கேட்டாள். அவன் சிரித்துக்கொண்டே, லைனைச் சோதிக்க வைத்திருந்த பழைய போனைக் கம்பியில் இணைத்தான்.

"வட்டு சுத்தறது எதுக்கு? உள்ள கரண்ட விட்டு விட்டு நிறுத்தத்தான். அதையே ரிசீவர் வைக்கிற இந்தக் கொம்பாலயும் செய்யலாம். மூணுன்னா மூணு தட்டு. ஒம்போதுன்னா ஒம்போது. சைபருக்குப் பத்து. வேகமா, ஒரே சீரா தட்டணும். ஒரு நம்பருக்கும் அடுத்ததுக்கும் நடுவுல கொஞ்சம் விடணும். அந்தப் பூட்டெல்லாம் சும்மா லா. அவ்வளவு காசு கொடுத்து வாங்கறதுக்கு, போனத் தூக்கிப் பெட்டியில வெச்சுப் பூட்டலாம்."

மூன்று முறை தட்டிக் காட்டினான். நாலாவது முறை அவளே தட்டினாள். மறுமுனையில் மணி அடித்தது.

பிலோமி அன்றைக்கு அழுதாள். இனி எல்லாம் சரியாகிவிடும் என்ற சந்தோஷத்தில் வந்த அழுகை அது.

அடுத்த திங்கட்கிழமை, கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு அவள் திரிங்காப்புக்குப் போனாள். எட்டு மணி. டிரைவர்கள் அதே இடத்தில் நின்றிருந்தார்கள். நாகரத்தினம் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"முதலாளி, சாவி இல்லாமலே இந்தப் போன்ல பேசலாம். எல்லாரும் பாருங்க. பூட்டு போட்டபடியே இருக்கு."

யாரும் தடுக்குமுன் ரிசீவரை எடுத்தாள். விரல் நுனியால் கொம்பைத் தட்டினாள். ஆறு எண்கள். ரிங்லெட்டில் சாம்பசிவம் வீட்டில் மணி அடித்து, அவர் மனைவி எடுத்தாள்.

"அம்மா, நான் பிலோமி. ஆபீஸ்லேர்ந்து பேசறேன். போன் பூட்டித்தான் இருக்கு. நீங்களே முதலாளிகிட்ட கேளுங்க."

ரிசீவரை நீட்டினாள். சாம்பசிவம் வாங்கிக் காதில் வைத்துக் கேட்டார், கீழே வைத்தார். நாகரத்தினத்தின் முகத்தில் ரத்தம் இல்லை. அவன் கண்கள் வாசலைப் பார்த்தன. சாம்பசிவம் அவனை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு டிரைவர்கள் பக்கம் திரும்பினார்.

"பாத்துக்கிட்டீங்களா எல்லாரும்? இவ எப்படிப் பேசினான்னு தெரியாம இருந்தேன். இப்ப அவளே வந்து செஞ்சு காட்டிட்டா."

பிலோமிக்கு முதலில் புரியவில்லை. "இல்ல முதலாளி, யாரு வேணும்னாலும்..."

"யாரு வேணும்னாலும்னா? வீரப்பா, ஒனக்குத் தெரியுமா? நாகு, ஒனக்கு?"

"தெரியாது மாமா" என்றான் நாகரத்தினம்.

"எனக்கும் தெரியாது. இந்தக் கொட்டகையில ஒரு ஆளுக்குத்தான் தெரியுது."

"லைன்மேன் கந்தன் காட்டினாரு! போன வாரந்தான் காட்டினாரு! அவரக் கேளுங்க!"

கேட்டார்கள். மறுநாளே கந்தனை வண்டியை நிறுத்தச் சொல்லிக் கேட்டார்கள். அவன் சர்க்கார் சம்பளக்காரன். "நானா? டிபார்ட்மெண்ட் விஷயத்த வெளியாளுக்குச் சொல்வேனா? அந்தப் பொண்ண நான் பாத்ததே இல்ல" என்றான்.

தாப்பா மாப்பிள்ளை வீட்டார் பேச்சை முறித்தார்கள். பூட்டிய போனில் பேசினாள் என்பது அங்கே போவதற்குள், திருட்டுத்தனமாக யாரிடம் பேசினாள் என்பதாக வளர்ந்திருந்தது. பிலோமி கூடையை எடுத்தாள். மலையில் கங்காணி அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே இல்லை. "ஏய் டெலிபோன், அந்த நிரைச் செடியப் பாரு" என்பார். சின்னப் பிள்ளைகளும் டெலிபோன் அக்கா என்றே சொல்லிப் பழகின. அதில் கெட்ட எண்ணம் இல்லை, அவர்களுக்கு வேறு பெயர் தெரியாது.

சாம்பசிவம் மரப்பெட்டி செய்து போனை அதற்குள் வைத்துப் பூட்டினார். அவரைப் பார்த்துப் பித்தளைப் பூட்டு வாங்கியிருந்த கடைக்காரர்களும் பெட்டிக்கு மாறினார்கள். ரிங்லெட்டில் மளிகைக்கடை வைத்திருந்த ராமையா, தன் கடைப் போனை எப்படிக் காப்பது என்று கேட்க அவளுக்கு ஆள்விட்டு அழைத்தார். அவள் போனாள். போன் மேசை வாசலைப் பார்த்து இருக்கக்கூடாது, கல்லாவில் உட்கார்ந்த இடத்திலிருந்து கண்ணில் படவேண்டும், பெட்டிச் சாவியும் கடைச் சாவியும் ஒரே ஆள் கையில் இருக்கக்கூடாது, வீட்டு ஆள் என்றாலும் போட்ட போனைத் தாளில் எழுதச் சொல்லவேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். ராமையா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். இப்படி ஒரு வேலை கிடைக்கலாமோ என்று அவள் மனம் ஒரு கணம் எட்டிப் பார்த்தது. அவர் ஒரு பிஸ்கட் டின்னைக் கொடுத்து, "திருடுனவங்களக் கேட்டாத்தான் ஓட்டை எங்கன்னு தெரியும்" என்று பாராட்டாகவே சொன்னார். அவள் கடையை விட்டு இறங்கும்வரை போன்மேல் ஒரு கையை வைத்தபடியே நின்றார்.

எட்டு வருடம் போனது. கைவிரல்கள் கறுத்து வெடித்தன. அமல்தாஸ் நெஞ்சு நோய் வந்து படுத்துவிட்டார்.

1984இல் ஒருநாள் மத்தியானம் கொழுந்து நிறுக்கும் நேரத்தில் கந்தன் அவளைத் தேடி மலைக்கு வந்தான். தலை நரைத்திருந்தது. ரவூப்புக்கு மாற்றலாகிப் போகிறானாம்.

"ஒரு விஷயம் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். உங்க முதலாளிக்கு அப்பவே தெரியும். சனிக்கிழமயும் திங்கக்கிழமயும் மீட்டர் பாத்துச் சொன்னதே நான்தான். எல்லாம் ஞாயித்துக்கிழமதான் ஏறிச்சு. ஒங்கள வேலைய விட்டு நிறுத்தறதுக்கு நாலு நாள் முன்னயே அவருகிட்ட சொல்லிட்டேன்."

"என்னப் பாத்ததே இல்லேன்னு சொன்னீங்களே?"

"வேல போயிருக்கும்மா. ரெண்டு பிள்ளைங்க."

"இப்ப எதுக்குச் சொல்றீங்க?"

"மனசு கேக்கல."

"ஒங்க மனசு லேசாகறதுக்கு நான்தான் கெடைச்சனா?" என்று சொல்லிவிட்டு அவள் கூடையைத் தராசுக்குத் தூக்கினாள். அவன் மலையிறங்கிப் போனான்.

மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. திரிங்காப்புக்குப் போனாள். தகரக் கொட்டகை இருந்த இடத்தில் சிமெண்டுக் கட்டடம். சாம்பசிவத்துக்கு இப்போது பதினோரு லோரி.

"ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள்.

அவர் மழுப்பவில்லை. "தெரியும். அதுக்கென்னா? பொண்டாட்டி தம்பியவா தெருவுல நிறுத்தச் சொல்றே? அவன் ஈப்போவுல எவகிட்டயோ பேசிக்கிட்டிருந்தான். வெளிய வந்திருந்தா என் வீடு நாறியிருக்கும். நீ தோட்டத்துப் பொண்ணு, ஒனக்குத் திரும்பிப் போக ஒரு எடம் இருந்துச்சு." மேசைமேல் இருந்த புது போனைக் காட்டினார். "இப்ப பட்டன் போன் வந்திருச்சு. மூணு லைன். ஒருத்தனுக்கும் வரமாட்டேங்குது. வேணும்னா வந்து உக்காரு."

அவளுக்கு அப்பாவின் மருந்து நினைவுக்கு வந்தது. தன் விரல்களையும் பார்த்தாள்.

"வர்றேன். ஆனா அந்தப் போன்ல பேசினது நான் இல்லேன்னு டிரைவருங்க முன்னால நீங்க சொல்லணும்."

"அவ்வளவுதானே" என்று அவர் எழுந்து வெளியே போனார். ஐந்தாறு டிரைவர்கள் டயர் மாற்றிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் இருபது, இருபத்திரண்டு வயசு ஆட்கள். வீரப்பன் இரண்டு வருடத்துக்கு முன்பே குவாந்தானுக்குப் போய்விட்டிருந்தான். அவள் அறிந்த முகம் ஒன்றுகூட இல்லை.

"டேய், எல்லாரும் கேட்டுக்குங்க. இது பிலோமி. அன்னிக்குப் போன் பேசினது இவ இல்ல."

டிரைவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "எந்தப் போன் முதலாளி?" என்றான் ஒருவன்.

"ஒண்ணுமில்ல. வேலையப் பாருங்க" என்று சாம்பசிவம் உள்ளே வந்துவிட்டார்.

சாயந்திரம் அவள் அப்பாவிடம் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள், மீட்டர் பார்த்தது, நாகரத்தினம், இன்று டிரைவர்கள் முன்னால் சொன்னது. அமல்தாஸ் இருமி முடித்தார்.

"தாப்பா வீட்டுக்கும் சொல்லியனுப்பலாமே" என்றார்.

"அந்த மாப்பிள்ளைக்கு இப்ப மூணு பிள்ளைங்கப்பா."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் காலை முதல் பஸ்சில் அவள் திரிங்காப்புக்கு வேலைக்குப் போனாள்.