கிணற்று நீச்சல்காரன் கடலில் குதித்தது

நான் ஒரு மடையன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்தால் இன்னும் அசிங்கம். ஐம்பத்திரண்டு வயதில், இத்தனை தொப்பையோடு, வங்கக் கடலை எங்கள் திருச்செங்கோட்டுத் தோட்டத்துக் கிணறு என்று நினைத்துத் தலைகீழாகக் குதித்தவன் நான்.

தரங்கம்பாடியில் நான்கு நாள் தங்கி ஊரை நடந்தே பார்ப்பது மனைவியின் ஏற்பாடு. தெருமுனைக் கடைக்கும் புல்லட்டில் போகிற என்னை, கோட்டை, வளைவு வைத்த பழைய வாசல், தூண் வைத்த வெள்ளைக்காரர் வீடுகள் என்று கால் வீங்க நடத்தினாள். மூன்றாம் நாள் மதியம் கடலோரக் கோயிலுக்கு வந்தோம். முன்பக்கத்தைக் கடல் தின்றுவிட்டு மிச்சத்துக்குக் காத்திருந்தது. தடுக்கக் கொட்டியிருந்த கருங்கற்களில் ஒவ்வோர் அலையும் வந்து மண்டையை மோதிச் சிதறியது.

நான் அந்தக் கற்கள் மேல் ஏறிச் சட்டையைக் கழற்றினேன். பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவர் கத்தினார்: "அந்தப் பக்கம் எறங்காதீங்க, கல்லுல அடிச்சிரும்!"

"ஏனுங்க, அவரு சொல்றது காதுல உழுகுதுங்களா?" என்றாள் மனைவி.

"அறுவதடிக் கெணத்துல மோட்டார் ரூம் மேல இருந்து குதிச்சவனுக்கே புத்தி சொல்றாங்க பாரு" என்று சொல்லிக் குதித்தேன்.

கிணற்றுத் தண்ணீர் குதித்த இடத்திலேயே இருக்கும். மேலே வந்தால் சுவரில் ஏதாவது ஒரு கல் கைக்குக் கிடைக்கும். இங்கே நான் தலையைத் தூக்குவதற்குள் அலை என்னை அள்ளிப் பாறையில் அடித்தது. தோள்பட்டைத் தோல் உரிந்தது. அடுத்த அலையில் முழங்கால். அதற்கடுத்ததில் வாய் கிழிந்து, உப்பும் ரத்தமுமாகத் தொண்டைக்குள் இறங்கியது.

கைக்கு எது அகப்பட்டாலும் இறுகப் பிடி என்பதுதான் கிணற்றுப் பாடம். அகப்பட்டது, என்னைக் காப்பாற்றக் குதித்த அந்த மீனவரின் கழுத்து. இரண்டு கையாலும் நெரித்துப் பிடித்து, அவரை அழுத்தி அவர் மேலேயே ஏறினேன். தண்ணீருக்கடியில் அவர் கண் பிதுங்குவதைப் பார்த்தேன். ஓர் ஆளைக் கொன்றுகொண்டிருக்கிறோம் என்று தெரிந்தது; கைதான் கேட்கவில்லை. முழங்கையால் என் தாடையில் இடித்தார். விடவில்லை. மூக்கில் குத்தினார். எலும்பு நொறுங்கிய சத்தம் எனக்கே கேட்டது. மூன்றாவது அடியில் பிடி விட்டது. என் தலையில் மிச்சமிருந்த நாலு முடியைப் பிடித்து, பாறையைச் சுற்றி மணலுக்கு இழுத்துவந்து போட்டார்.

போட்டவர் எழவில்லை. குப்புறக் கிடந்து கடலைக் கக்கினார். மனைவி என்னைத் தாண்டி ஓடி அவர் முதுகில் அறைந்தாள். "மூச்சு உடுங்ணா! உடுங்ணா!" நாலைந்து அறை விழுந்த பிறகு அவர் இருமினார். அப்புறம்தான் என் பக்கம் திரும்பினாள்.

"அவரு போயிருந்தா, அவரு ஊட்டுல போயி என்னன்னுங்க சொல்லியிருப்பீங்க?"

 

மறுநாள் காலை, மூக்கில் கட்டும் உதட்டில் தையலுமாக அவரைத் தேடிப் போனேன். படகோரமாக நின்றிருந்தார். கழுத்தில் என் பத்து விரலும் கருநீலமாகப் பதிந்திருந்தன.

"கழுத்து இப்ப எப்படீங்க இருக்குது?" என்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அருகே போனேன்.

அவர் சட்டென்று படகுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"அங்கயே நின்னு பேசு."