நாலு மணி நேர இருக்கை

இடது கட்டைவிரல் பழைய ஸ்பாஞ்சுக்குள் மெல்ல இறங்கி, அடிப்பலகை தட்டுப்பட்டதும் நின்றது. வலது கை அந்த இடத்தில் சாக்கட்டியால் ஒரு வட்டம் போட்டது. கொஞ்சம் தள்ளி மறுபடி ஓர் அழுத்தல், மறுபடி ஒரு வட்டம். உறை கழற்றிய லாரி இருக்கை மேசைமேல் கிடந்தது. கத்தரிக்கோல் பக்கத்திலேயே இருந்தும் கை அந்தப் பக்கம் போகவில்லை. முதலில் பார்ப்பது, அப்புறம் வெட்டுவது என்பது அந்தக் கைகளின் வழக்கம்.

"இந்த டிரைவர் வலது பக்கம் ஒதுங்கி உட்கார்றாரு. பின் பாக்கெட்டுல ஏதோ தடியா வச்சிருக்காரு. அதை எடுக்கச் சொல்லுங்க, பாதி இடுப்பு வலி போயிடும்" என்றாள் அவள்.

லாரி முதலாளி சிரித்துவிட்டார். டிரைவரின் முகத்தைக்கூட அவள் பார்த்ததில்லை.

"முகம் எதுக்குங்க? மூஞ்சி பொய் சொல்லும். உட்கார்ற இடம் சொல்லாது."

லாரிகள் வந்து நிற்கும் அந்தத் தெருவில் அவளை எல்லோரும் சீட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட வயதில் மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். தொழிலை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பள்ளிக்கூடப் பை தைக்கும் கடையில் மெஷின் மிதித்துக்கொண்டிருந்தபோது, ஒட்டுப் போடச் சொல்லி ஒரு பேருந்து இருக்கை வந்தது. ஒட்டுப் போடாமல், உள்ளே என்னதான் இருக்கிறது என்று பிரித்துப் பார்த்துவிட்டாள். திரும்பச் சேர்க்கத் தெரியவில்லை. கடை முதலாளி வாய்க்கு வந்தபடி திட்டினார். திட்டு ஒரு காதில் நுழைந்து மறு காதில் வெளியே போனது. அன்று முதல் தெருவில் யார் எந்த இருக்கையைத் தூக்கி எறிந்தாலும் எடுத்துவந்து பிரிப்பாள். எங்கே குழி விழுந்திருக்கிறது, எந்தத் தையல் முதலில் விட்டிருக்கிறது என்று பார்ப்பாள். மெத்தென்று இருந்தால் நல்ல இருக்கை என்று ஊரே நினைக்கும். அப்படி இல்லை என்பதை அவள் அந்தக் குப்பைகளிலிருந்து கற்றுக்கொண்டாள். மெத்தென்று இருப்பது ஒரு மணி நேரத்தில் ஆளை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதன் பிறகு அவன் உட்கார்ந்திருப்பது பலகைமேல்தான்.

கணவர் கிடைத்ததும் இந்தத் தொழிலால்தான். அவர் லாரி டிரைவர். அவள் தைத்த இருக்கையில் சாய்மானம் சரியில்லை என்று சண்டைக்கு வந்தவர். மூன்று முறை பிரித்துத் தைத்துக் கொடுத்தாள். நாலாவது முறை சாய்மானத்தைப் பற்றி அவர் எதுவும் பேசவில்லை, வேறு விஷயம் பேசினார்.

கவனிக்காமல் விட்ட ரத்த அழுத்தம் அவருடைய இரண்டு சிறுநீரகங்களையும் அரித்துத் தின்றுவிட்டது. ஸ்டியரிங்கை விட்டார். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். கையில் இரண்டு ஊசி குத்தி, ஒன்றின் வழியே ரத்தத்தை வெளியே எடுத்து, மெஷினில் கழுவி, இன்னொன்றின் வழியே உள்ளே அனுப்புவார்கள். ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். முதல் வருஷம் ஒரு குறையும் இல்லாமல் போனது. சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்போலத் தானே பஸ் ஏறிப் போவார், தானே வருவார்.

பிறகு மெல்ல மெல்ல ஏதோ இறங்க ஆரம்பித்தது. சாப்பாட்டை வாயில் வைத்தால் தகரம் மாதிரி இருக்கிறது என்றார். உடம்பெல்லாம் அரிப்பு. உட்கார்ந்தபடியே தூங்கிவிழுவார், படுத்தால் தூக்கம் வராது. அவள் தன் சமையலைச் சந்தேகப்பட்டாள், எண்ணெயை மாற்றினாள், சோப்பை மாற்றினாள். ஆஸ்பத்திரியிலிருந்து முன்பைவிடச் சீக்கிரம் திரும்புகிறாரே என்று ஒருநாள் கேட்டதற்கு அவர் கண்ணிமைக்காமல் பதில் சொன்னார்.

"என் ரத்தம் சீக்கிரமே சுத்தமாயிடுதாம். எல்லாருக்கும் அப்படி அமையாதாம்."

கட்டிய மனைவிக்குப் புருஷன் சொல்வதை நம்பத்தான் தோன்றும். அவளும் நம்பினாள். நம்பியதோடு நிற்காமல் பக்கத்துப் பட்டறைக்காரர்களிடம் பெருமையாகவும் சொன்னாள்.

அடுத்த மாதம் டாக்டர் அவளைக் கூட்டிவரச் சொல்லியிருந்தார். டயாலிசிஸுக்கு முன்னும் பின்னும் எடுத்த ரத்தத்தைப் பார்த்தால், எவ்வளவு கழிவு வெளியேறியது என்று தெரியுமாம். மூன்றில் இரண்டு பங்காவது போக வேண்டும், இவருக்குப் பாதிதான் போகிறது என்றார் டாக்டர். ஊசி சரியாக இருக்கிறது, மெஷினும் நன்றாக ஓடுகிறது, நேரம்தான் போதவில்லை என்று பொறுமையாக விளக்கினார். இப்படியே போனால் மிச்சம் தங்கும் கழிவும் நீரும் இதயத்தைப் பதம் பார்க்கும். முழுசாகக் கழுவிக்கொள்கிறவர்கள் அதிக காலம் இருக்கிறார்கள், அரைகுறையாக எழுந்து போகிறவர்கள் சீக்கிரம் போய்விடுகிறார்கள் என்றார். அவர் குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"நாங்க கெஞ்சாத நாள் இல்லக்கா. மூணு மணி நேரம் தாண்டினா போதும், கழட்டி விடு கழட்டி விடுன்னு ஒரே பிடிவாதம்" என்றார் வார்டு சிஸ்டர்.

கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வார்டில் வைத்து அவரைக் கேள்வி கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. அவர் உட்காரும் நாற்காலியிடம் போனாள். அடுத்த நோயாளி இன்னும் வரவில்லை. சிஸ்டரிடம் கேட்டுக்கொண்டு கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். இடது பக்கம் விரல் பாதியில் நின்றது. வலது பக்கம் ஒரேயடியாகப் பலகைக்குப் போய்விட்டது. ஊசி குத்திய இடது கையை அசைக்கக் கூடாது என்பதால் முக்கால்வாசிப் பேர் மற்ற பக்கமாகவே சாய்ந்து சாய்ந்து அங்கே பள்ளம் பறித்திருந்தார்கள். வால் எலும்பு வரும் இடத்தில் பலகையின் விளிம்பே இருந்தது. இவர் உடம்பிலோ சதை கரைந்து எலும்பு துருத்திக்கொண்டு நின்றது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. வீட்டுக்குள் வந்து தண்ணீரை அளந்து கொடுத்துவிட்டுத்தான் கேட்டாள்.

"வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாங்க?"

அவர் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ராப்பகலா லாரியில உட்கார்ந்தவன் நானு. நாலு மணி நேரம் உட்கார முடியல, பின்பக்கம் வலிக்குதுன்னு அந்தப் பொண்ணுங்ககிட்ட எப்படிச் சொல்றது? அதுவும் சீட் அக்கா வீட்டுக்காரன்."

ஊருக்கெல்லாம் இடுப்பு வலி தீர்த்தவள் அவள். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். தன் வீட்டு முதுகும் தெரியாமல் போய்விட்டதே என்று நினைத்தாள். பிறகு எழுந்து பட்டறைக்குப் போய் ஸ்பாஞ்சுக் கட்டிகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்க ஆரம்பித்தாள்.

நாற்காலிமேல் போடும் மெத்தை ஒன்று செய்து கொண்டுவரலாமா என்று சிஸ்டரிடம் கேட்டாள். சிஸ்டர் மறுக்கவில்லை, ஆனால் சும்மாவும் விடவில்லை. ஒவ்வொரு தடவையும் கிருமிநாசினி போட்டுத் துடைக்க வேண்டும், அதனால் துணி கூடாது. மேலே தையல் தெரியக் கூடாது, தையல் துளையில் ரத்தம் தங்கும். ரத்த அழுத்தம் திடீரென்று இறங்கினால் நாற்காலியை ஒரே இழுப்பில் படுக்கையாக்குவோம், மெத்தை அதற்குக் குறுக்கே வரக் கூடாது. இந்த மூன்றில் எதுவும் அதிகப்படி என்று அவளுக்குத் தோன்றவில்லை. தன்னைப்போலவே வேலை பார்க்கிறவர் என்று சிஸ்டர்மேல் மரியாதை வந்தது.

அடியில் கெட்டி ஸ்பாஞ்ச், நடுவில் இடைத்தரம், மேலே மெல்லிசாக ஒரு மிருது. வால் எலும்புக்கு நேராக ஒரு வாய்க்கால். மேலே ஒரே துண்டு ரெக்சின், தையலெல்லாம் அடிப்பக்கம். துடைப்பதற்கு அவர்கள் எதைப் போடுவார்கள் என்று கேட்டு, ஒரு துண்டு ரெக்சினை அதிலேயே ஊறப்போட்டு, வெடிக்கவில்லை என்று பார்த்த பிறகே வெட்டினாள். இடுப்பை முன்னால் தள்ளி, தொடையைக் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தாள். அவள் கைக்கு நன்றாகத் தெரிந்த வடிவம் அது.

மெத்தையைப் போட்டு அவரை உட்காரவைத்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. வண்டியில் ஏறின மாதிரி இருக்கிறது என்றார். பக்கத்து நாற்காலியில் இருந்த ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், அவரும் டயாலிசிஸ் நோயாளிதான், "ஹாரன் மட்டும் அடிக்காதீங்க" என்றார்.

ஹாரன் அடித்தது. ஊசி போட்டு மெஷின் ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் அலாரம் கத்தியது, ரத்தத்தை இழுக்கும் பம்பு நின்றது. சிஸ்டர் ஓடிவந்து, கை மடங்கினால் ரத்தம் வராது என்று சொல்லிக் கையை நீட்டிவைத்துவிட்டுப் போனார். மறுபடி கத்தியது. மறுபடி ஓடிவந்தார். வலி இல்லாமல் முழு நேரமும் உட்கார்ந்தார்தான், ஆனால் பம்பு நின்ற நேரத்தையெல்லாம் கழித்தால் பழைய கதைதான். டீச்சர் அதை மனக்கணக்காகவே போட்டுச் சொல்லிவிட்டார்.

யானைக்கும் அடி சறுக்கும். ஆனால் எந்தக் கால் சறுக்கியது என்று தெரியாமல் அவள் விடுவதாக இல்லை. அடுத்த தடவை, சிஸ்டர் அனுமதித்த மூலையில் நின்று கணவரையே பார்த்தாள். அவர் கண்ணை மூடியிருந்தார். முதுகு நிமிர்ந்திருந்தது, முழங்கால் லேசாக உயர்ந்திருந்தது, இரண்டு முழங்கைகளும் தாமாகவே மடங்கி முன்னால் வந்துகொண்டிருந்தன. ஊசி இருந்த கையும்தான். விரல்கள் காற்றில் எதையோ பிடித்திருந்தன.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னக்கா?" என்றார் சிஸ்டர்.

"நான் டிரைவருக்கு சீட் தைச்சிருக்கேன் சிஸ்டர். அவரு உடம்பும் ஸ்டியரிங்கைத் தேடுது. இங்க வண்டிய ஓட்டுறது மெஷின். இவரு பயணி."

அந்த மெத்தையை வீட்டுக்குக் கொண்டுவந்து முழுவதும் பிரித்தாள். ஆயிரம் இருக்கை தைத்த கை, கேட்காமலே பழைய வழியில் போய்விட்டிருந்தது. இந்த முறை கையைத் தடுத்துத் தடுத்துத்தான் வெட்டினாள். இடுப்பைத் தள்ளும் மேட்டை எடுத்தாள். தொடையின் தூக்கலை எடுத்தாள். பாரம் முதுகில் பரவி இறங்குமாறு சரிவு கொடுத்தாள். முழங்கை மடங்க வழியே இல்லாமல், நீட்டிய கை போய்ப் படுத்துக்கொள்ள ஆழமில்லாத பள்ளம் வைத்துத் தனியாக ஒரு கைத்திண்டு செய்தாள். நாலு மணி நேரம் தானே அதில் உட்கார்ந்து பார்த்தாள். கணவர் எதிரே உட்கார்ந்துகொண்டு, எழுந்திருக்கப் பார்க்கிறாள் என்று தோன்றியபோதெல்லாம் அலாரம்போலக் கத்தினார்.

ஆஸ்பத்திரியில் மெஷின் கத்தவில்லை. மூன்று மணி நேரம் தாண்டியதும் வழக்கம்போல சிஸ்டர் தயாராக வந்து நின்றார். கணவர் தூங்கிக்கொண்டிருந்தார். நேரம் முடிந்து எழுப்பியபோது, அதற்குள்ளாகவா என்று கேட்டார். அடுத்த தடவையும் முழு நேரம் இருந்தார், அதற்கடுத்த தடவையும். ஒருநாள் கால் இழுத்துக்கொண்டு வலித்தபோது வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னார். சிஸ்டர் காலைப் பிடித்து நீவிவிட்டார். கணவர் பாதியில் எழுந்திருக்கவில்லை.

மாதக் கடைசியில் ஒருநாள் சாப்பாட்டில் உட்கார்ந்தவர் முகத்தைச் சுளித்தார்.

"என்னம்மா இது, உப்பே இல்ல?"

உப்பு குறைத்துச் சமைத்து இரண்டு வருஷமாகிறது. நாக்கில் தகரம் ஏறின நாளிலிருந்து அவருக்கு அது தெரிந்ததே இல்லை. உப்பில்லை என்று குறை சொன்னவரைப் பார்த்து ஆனந்தப்பட்ட ஒரே மனைவி அவளாகத்தான் இருப்பாள். ரத்தப் பரிசோதனை அதன் பிறகுதான் வந்தது. கழிவு மூன்றில் இரண்டு பங்குக்கு மேலேயே போயிருந்தது. இது ஒரு மாதக் கணக்குதான், மாதா மாதம் இப்படியே வர வேண்டும் என்றார் டாக்டர். வரும் என்று கணவர் முந்திக்கொண்டு சொன்னார்.

அன்று கணக்கு டீச்சர் அவளைக் கூப்பிட்டார். தனக்கும் மூன்று மணி நேரத்துக்குமேல் முடிவதில்லை, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சாக்குச் சொல்லிக் கழட்டிக்கொள்வதாகத் தாழ்ந்த குரலில் ஒப்புக்கொண்டார். டீச்சர் எழுந்து போகும்வரை அவள் காத்திருந்து, நாற்காலியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். குழி முன் விளிம்பில் இருந்தது. எப்போது எழலாம் என்று பார்த்துக்கொண்டே நுனியில் உட்காருகிறவர்.

ஒரு வாரம் கழித்து அவள் பெரிய பையோடு வார்டுக்கு வந்தாள். கணவர் ஏற்கனவே கையை நீட்டிப் படுத்திருந்தார், மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. டீச்சர் இன்னும் உட்காரவில்லை.

"டீச்சர், அதுல உட்கார்ந்து வண்டி ஓட்டப் பாக்காதீங்க. கண்ண மூடிக்குங்க. ஊர் வந்ததும் சிஸ்டர் எழுப்புவாங்க" என்றார் கணவர்.

அவள் மெத்தையை வெளியே எடுத்து, ஒரு முறை கட்டைவிரலால் அழுத்தி, தையல் அடிப்பக்கம் வரும்படி திருப்பி, டீச்சரின் இரண்டு கைகளிலும் வைத்தாள்.