பிரியாணிக் கடைப் பையனும் கிராம்பு வாசமும்

உலு திராம் என்ற ஊரில் ஒரு பல் கிளினிக்கில் நான் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, இருந்தபோது, இர்ஃபான் என்ற ஏழு வயதுப் பையன் வாசலிலேயே கத்த ஆரம்பித்துவிடுவான். புதிதாக முளைத்த கடைவாய்ப் பல்லில் சொத்தை. இன்னும் தள்ளிப்போட்டால் பிடுங்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிடுங்கினால் அந்த இடத்தில் வேறு பல் முளைக்காது.

அவன் அத்தா யூசுப் பாய் பிரியாணிக் கடைக்காரர். அவருக்கு இன்னொரு தலைவலியும் இருந்தது.

"மிஸ்ஸி, இங்க ஒரு தடவ மருந்து வெச்சீங்கல்ல, அதுலேருந்து பிரியாணிச் சட்டியத் தொறந்தாலே பய ஓடுறான் லா. ஒங்க மகனே சாப்பிட மாட்டேங்கிறான், நாங்க எப்படி சாப்பிடுறதுன்னு கஸ்டமர் கேக்குறாங்க!"

சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன். பல்லைத் தற்காலிகமாக அடைக்கும் மருந்தில் கிராம்பு எண்ணெய் உண்டு; பிரியாணியிலும் கிராம்பு உண்டு. வாசமும் வலியும் சேர்ந்து வந்ததால், இப்போது வாசம் மட்டும் வந்தாலே உடம்பு தானாகப் பயப்படுகிறது. டிரெயினிங்கில் படித்த கிளாசிக்கல் கண்டிஷனிங் இதுதான்.

"இங்கேருந்து ஓடுனதும் என்ன செய்வீங்க பாய்?"

"பாவம்ல. ஐஸ் கச்சாங் வாங்கிக் குடுத்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவேன்."

அலமாக்! கத்தினால் நாற்காலியிலிருந்து விடுதலை, கூடவே துருவிய ஐஸில் இனிப்புச் சிரப் ஊற்றிய ஐஸ் கச்சாங். செய்த காரியத்துக்குக் கைமேல் பலன் கிடைத்தால் யார்தான் அதைத் திரும்பச் செய்யமாட்டார்கள்? இது ஆபரண்ட் கண்டிஷனிங்.

ஐஸ் கச்சாங்கை நிறுத்தச் சொன்னேன். வாயைத் திறந்தால் நாற்காலி ஏறி இறங்கும் பட்டனை அவனே அழுத்தலாம் என்று ஆசை காட்டினேன். ஆசைப்பட்டு ஏறி உட்கார்ந்தான். கிராம்பு வாசம் வந்ததும் வாயைப் பூட்டிக்கொண்டான். பயத்திடம் லஞ்சம் செல்லாது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பிறகு வந்தபோதெல்லாம் பல்லைத் தொடவே இல்லை. தூரத்தில் ஒரு கிண்ணத்தில் கிராம்பை வைத்துவிட்டு, நாற்காலியில் விளையாட விட்டேன். கிண்ணம் மெல்ல மெல்லப் பக்கத்தில் வந்தது. ஒருநாள் அவனே மோந்து பார்த்தான்.

"மிஸ்ஸி, இது அத்தா கட வாசம்!"

"ஆமாலா. ஆ காட்டு, அப்புறம் பட்டன் ஒனக்குத்தான்."

திறந்தான். டாக்டர் பல்லை அடைத்து முடித்தார். பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

புதிய மிஸ்ஸிகளுக்கு ஒன்று சொல்வேன். பிள்ளை கத்தினால், பயத்தில் கத்துகிறதா, பலன் கண்டு கத்துகிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டும் இருந்தால் முதலில் பயத்தைப் போக்குங்கள்.

அதற்குப் பிறகு வியாழக்கிழமை மதியமானால் பாயின் மோட்டார் சைக்கிள் ஹாரன் கேட்கும். பின்னால் உட்கார்ந்திருக்கும் இர்ஃபான் பிரியாணிப் பொட்டலத்தை நீட்டிவிட்டு, கேட்காமலே வாயைத் திறந்து அந்தப் பல்லைக் காட்டுவான். நான் ஓய்வு பெற்றுவிட்டேன். இன்னமும் தெருவில் அப்படி ஒரு ஹாரன் கேட்டால் எனக்கு நாக்கில் எச்சில் ஊறுகிறது. இதற்கு நான் வைத்தியம் எதுவும் பார்க்கப் போவதில்லை.