மாடிப்படியில் நின்ற பீரோ

வீட்டுச் சாமான்களை இடம் மாற்றித் தரும் நிறுவனத்தில் அவருக்குச் 'சவுண்டு' என்று பெயர். நான்கு ஆட்கள் பீரோவைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். "ம், தூக்கு!" என்று அவர் ஒரு அதட்டல் போட்டதும் பீரோ எழும். அவர் கை மட்டும் எதையும் தொடாது. ஒருமுறை அதே குரலில் டீ கேட்டார். பக்கத்தில் நின்ற இருவர் சோபாவைத் தூக்கிவிட்டார்கள்.

"கத்துறதுக்கா உனக்குச் சம்பளம் தர்றாங்க?" என்று விருந்தாளிகள் முன்னால் அவருடைய அக்கா ஒரு நாள் கேட்டுவிட்டாள். சவுண்டுக்குச் சுள்ளென்று ஏறியது. "இனி உன் வீட்டு வாசல மிதிக்க மாட்டேன்!" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். சொல்லும்போது சுலபமாகத்தான் இருந்தது. அக்கா கால் முறிந்து கிடந்தபோது, போக வேண்டும் என்று உயிர் துடித்தது. தெருமுனைவரை போனார், விளக்குக் கம்பத்தடியில் கொஞ்ச நேரம் நின்றார், திரும்பிவிட்டார். சொன்ன சொல் பீரோவைவிடக் கனத்தது.

இன்று அக்கா வீட்டைக் காலி செய்கிறாள். சாமான் ஏற்றும் வேலை சவுண்டின் நிறுவனத்துக்கே வந்திருந்தது. காலி செய்கிற வீடு அவள் வீடாகுமா என்று மனசுக்குள் வழக்காடி, தனக்குச் சாதகமாகத் தீர்ப்பும் சொல்லிக்கொண்டு உள்ளே நுழைந்தார் சவுண்டு.

சவுண்டு மேலே நின்று அதட்ட, ஆட்கள் பீரோவை மாடிப்படித் திருப்பம்வரை இறக்கி வைத்திருந்தார்கள். கீழ்ப்படியில் வழியை அடைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, நகரு."

"கால் ஒடிஞ்சு கெடந்தப்ப எட்டிப் பாக்காதவன் சொன்னா நான் நகரணுமா? மன்னிப்புக் கேளு."

"ஆளுங்க முன்னாடியா?"

"அன்னைக்கு மட்டும் யாருமில்லாமலா கத்தின?"

"கேட்டுத் தொலைங்கண்ணே, பசிக்குது," என்றான் ஆட்களில் ஒருவன்.

சவுண்டு தொண்டையைச் செருமினார். கண்ணை இறுக மூடிக்கொண்டார். "மன்னிச்சிடு!"

நான்கு பேரும் பீரோவைத் தூக்கிவிட்டார்கள்.

"அது பீரோவுக்குச் சொன்னது. எனக்கு?" என்றாள் அக்கா.

ஆட்கள் அசடு வழிந்தபடி பீரோவை இறக்கி வைத்தார்கள். சவுண்டு படியிறங்கி அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். முறிந்து கூடிய அவள் காலைப் பார்த்தார்.

"தெருமுனை வரைக்கும் வந்தேன்க்கா. உள்ள வரல. தப்புதான். மன்னிச்சிடு." குரல் அவளுக்கே கேட்டும் கேட்காமலும் இருந்தது.

இந்த முறை பீரோ அசையவில்லை. அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கையை நீட்டினாள்.

"கால் மரத்துப்போச்சு. தூக்கி விடுடா."

ஆட்கள் நால்வரும் பார்த்துக்கொண்டிருக்க, சவுண்டு தன் கையாலேயே தூக்கினார்.