பாலத்து மேல் விழுந்த புள்ளிகள்

மகள் பள்ளியிலிருந்து தோழியின் கட்டுரையைக் கொண்டுவந்திருக்கிறாள். அதைப் படித்து நல்லது இரண்டு, திருத்த வேண்டியது ஒன்று எழுதித் தர வேண்டுமாம். “எல்லாமே சூப்பர்னு போட்டுடவாப்பா?” என்றாள். பென்சிலைச் சீவிக் கொடுத்தேன். அந்த மரத்தூள் வாசனைக்கு என் புத்தி நேராகச் சிதம்பரம் பாசஞ்சருக்குப் போய்விட்டது.

மீட்டர் கேஜ் ஓடிய கடைசிக் காலம் அது. சிதம்பரத்தில் எம்.ஏ. தமிழ் படித்தோம். நானும் ஜான்சியும் கடலூர் முதுநகரில் ஏறுவோம். சேகர் மேல்பட்டாம்பாக்கத்திலேயே ஏறி, சுண்டல்காரரிடம் கடன் சொல்லிச் சாப்பிட்டுக்கொண்டு வருவான். மூவருக்குமே எழுத்தாளராகிவிடும் உத்தேசம். எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தி. கையெழுத்துப் போட்டுக்கூடப் பழகி வைத்திருந்தேன்.

“நீங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்திச் சூப்பர்னு சொல்லிக்கிறீங்க, அதுல என்ன பிரயோஜனம்?” என்று கேட்டவள் ஜான்சி. வழியும் அவளே சொன்னாள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் ரயில் கிளம்பியதும் படிக்க ஆரம்பிக்க வேண்டும். எந்த இடத்தில் கண் தாளை விட்டு ஜன்னலுக்குப் போகிறதோ அங்கே ஒரு பென்சில் புள்ளி. கருத்து, காரணம் எதுவும் வேண்டாம். “எழுதுனவுங்க வாயத் தெறக்கக் கூடாது. வீட்டுக்குப் போயி புள்ளி இருக்கற எடத்தப் பாத்துக்கணும், அவ்ளோதான்.”

நம்ப மாட்டீர்கள், நன்றாகவே வேலை செய்தது. என் முதல் கதைக்கு அம்மை போட்டதுபோலப் புள்ளிகள். இரண்டு நாள் ஜான்சியோடு பேசவில்லை. மூன்றாவது கதையில் பாதியாகக் குறைந்திருந்தன.

துறை ஆண்டு இதழுக்கு வகுப்புக்கு ஒரு கதைதான் எடுப்பார்கள் என்ற வருஷம் சேகர் ஒன்று எழுதினான். அவன் அப்பா சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து இறந்தவர். “எங்கப்பா புக்குல வரணும் மச்சான். அம்மா படிக்கணும்” என்றான். ஒருநாள் ஜான்சி படித்தாள், மறுநாள் நான். இருவர் புள்ளியும் நாலாம் பக்கக் கடைசிப் பத்தியில் விழுந்தது, அப்பா வரும் ஒரே பத்தியில். சேகர் முகம் சுருங்கியது. ஆனால் வாய் திறக்கவில்லை, விதி அதுவாயிற்றே. அந்தப் பத்தியை எடுத்துவிட்டு, மீதியைப் படியெடுத்து இதழுக்குக் கொடுத்துவிட்டான்.

அடுத்த வாரம் என் கதைக்கும் அவர்கள் இருவர் புள்ளியும் ஒரே இடத்தில் விழுந்தது, அதே நாலாம் பக்கக் கடைசியில். ஜான்சி தாளைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். ரயில் பரங்கிப்பேட்டை தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் தடதடத்துக்கொண்டிருந்தது. காற்றும் தண்ணீரும் அப்படியிருந்தால் யார்தான் தாளைப் பார்ப்பார்கள்?

“அய்யோ சேகரு, இது பாலம்டா. ஒன் கதையில்லடா” என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். சிதம்பரத்தில் இறங்கித் துறைக்கு ஓடினோம். சேகர் கதையோடு இதழ் அச்சுக்குப் போயிருந்தது.

புத்தகத்தோடு மூவரும் மேல்பட்டாம்பாக்கம் போனோம். சேகரின் அம்மா நிதானமாகப் படித்தார். கடைசிப் பக்கத்தைத் திருப்பி, முன்னால் போய் மறுபடி தேடினார். “நல்லாருக்குப்பா. அப்பா எங்கடா?”

“அடுத்த கதையில வருவாரும்மா” என்றான்.

பிறகு அகலப் பாதைக்காகத் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். பஸ்ஸில் நின்றுகொண்டு போனோம், யாரும் யாருடையதையும் படிக்கவில்லை. ஜான்சி கல்யாணமாகி ஓசூர் போய்விட்டாள். சேகருக்குக் கடலூரில் செல்போன் கடை. அடுத்த கதை எழுதவேயில்லை. அவன் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தப் பத்தி இப்போது எந்தத் தாளிலும் இல்லை. எனக்கு மட்டும் மனப்பாடம்:

“அப்பா போன பிறகும் அவர் சட்டை கொடியிலேயே கிடந்தது. ஆலைச் சர்க்கரைக்கு எறும்பு ஏறியது. அம்மா எறும்பையும் விரட்டவில்லை, சட்டையையும் துவைக்கவில்லை.”