வோல்க்மார் வாங்கிய இரண்டு நாள் பாஸ்

என் அண்ணன் வோல்க்மார் கோட்புஸ் நகரப் பேருந்து அலுவலகத்தில் முப்பத்தெட்டு வருஷம் கால அட்டவணை போட்டவன். ஓய்வு பெற்றதும் தள்ளுபடிகளைப் பிடித்துக்கொண்டான். எந்தக் கடையில் எந்தக் கிழமை வெண்ணெய் மலிவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். ஓட்டலில் உட்கார்ந்து தன் பையிலிருந்து தண்ணீர் எடுத்துக் குடிப்பான். அவனோடு வெளியே போகவே எனக்குக் கூச்சமாக இருக்கும். ஆனால் கெட்டவன் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அண்ணி ரோசலுக்கு ட்ரெஸ்டன் நகர ஓவியக்கூடத்தை இன்னொரு முறை பார்க்க ஆசை. அவளுக்கு மறதி நோய். டாக்டர் அவளிடமே சொன்னார்; அதையும் மறந்துவிட்டாள். மறுபடி சொல்ல எங்களுக்குத் துணிவில்லை. அவள் கேட்டால், "வெறும் களைப்புதான்" என்போம். அரசாங்கம் தந்த மாற்றுத்திறனாளி அட்டையை, அவள் போட்டோ ஒட்டியதை, வோல்க்மார் தன் பர்ஸின் உள்ளறையில் ஒளித்து வைத்திருந்தான். "அவ கண்ணுல பட்டுடக் கூடாது காரோலா, செத்துடுவா" என்று என்னிடம் சத்தியம் வாங்கினான்.

இரண்டு வாரம் அவர்கள் வீட்டுச் சமையலறை மேசை முழுக்க, ட்ரெஸ்டனில் டிராமுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் சேர்த்து விற்கும் பாஸ்களின் விளம்பரத் தாள்கள். ஒரு நாள், இரண்டு நாள், படகோடு, படகில்லாமல். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு ஒப்பிட்டான். கடைசியில் முதியோர் பாஸ், இரண்டு நாள். "ஒரே நாள்ல ஓட வச்சா அவளுக்கு மூச்சு வாங்கும்" என்றான். அந்த ஒரு வார்த்தைக்காக அவனுடைய தண்ணீர் பாட்டிலை எல்லாம் மன்னித்தேன்.

மூவருமாக ட்ரெஸ்டனில் இறங்கியதும் பாஸ் விற்கும் கவுன்டருக்குப் போனோம். ரோசல் ஓரமாக நின்று அஞ்சலட்டைகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு பாஸை முதலில் வாங்கிக்கொண்டேன். அடுத்து வோல்க்மார், தனக்கும் ரோசலுக்கும் கேட்டான்.

"உங்க ரெண்டு பேருக்கும் முதியோர் பாஸா?" என்றாள் கவுன்டர் பெண். "மாற்றுத்திறனாளி அட்டை யாருக்காவது இருக்கா? இருந்தா கூட வர்றவருக்கு இலவசம்."

அவன் காலை மிதித்தேன். இலவசம் என்ற சொல் காதில் விழுந்த பிறகு அவன் கை யார் பேச்சைக் கேட்கும்? அட்டை மேசைக்கு வந்துவிட்டது.

அந்தப் பெண் போட்டோவைப் பார்த்தாள், ரோசலைப் பார்த்தாள். "அவங்களா? நல்லா நடமாடறாங்களே!"

தன்னை ஏமாற்றுக்காரன் என்று நினைத்துவிட்டாளோ என்று இவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. நெற்றிப்பொட்டைத் தட்டிக் காட்டி, வரிசை முழுக்கக் கேட்கும்படி, "கால் இல்லம்மா, மூளை! காலையில நடந்தது மத்தியானம் இருக்காது அவளுக்கு!" என்றான்.

ரோசல் எங்கள் பின்னால் நின்றிருந்தாள்.

"இது என் போட்டோதானே?" அட்டையை எடுத்து ஒரு எழுத்து விடாமல் படித்தாள். பிறகு என்னிடம் திரும்பினாள். "உனக்கும் தெரியுமா?"

"தெரியாது" என்றேன். அறுபத்தெட்டு வயதில், அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு பொய் சொன்னேன்.

"எவ்வளவு மிச்சமாச்சு, வோல்க்மார்?"

கவுன்டர் பெண்தான் தலையைக் குனிந்தபடி, "முப்பத்திரண்டு யூரோ" என்றாள்.

"சரி, வாங்கிக்கோ" என்று அட்டையை வைத்துவிட்டு ரோசல் வெளியே போனாள். டிராமில் தனியாக ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அண்ணன் நீட்டிய சீஸ் ரொட்டியை அவள் தொடவில்லை. ஆற்றங்கரை பெஞ்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் படகுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எனக்கு எங்காவது ஓடிப் போய்விடலாம் போலிருந்தது.

ஓவியக்கூட வாசலில் காவலர் பாஸ்களை வாங்கிப் பார்த்தார். "கூட வர்றவருக்கான இலவச பாஸ் இருக்கே, மாற்றுத்திறனாளி அட்டையைக் காட்டுங்க."

"என்ன அட்டை?" என்றாள் ரோசல். முகத்தில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. நிஜமாகவே கேட்டாள்.

அவள் மறந்துவிட்டாள் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்படிச் சந்தோஷப்பட்டதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

வோல்க்மாரின் கை பர்ஸ் வரை போய் நின்றது. "அட்டையெல்லாம் ஒண்ணும் இல்லைங்க" என்றான். பக்கத்து ஜன்னலுக்குப் போய்த் தனக்கு ஒரு டிக்கெட் வாங்கி வந்தான். முழு விலை டிக்கெட்.

ரோசல் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அவன் கையைக் கோத்துக்கொண்டாள். "முதியோர் சலுகை கேக்க மறந்துட்டியே! நீயா? வயசாயிடுச்சுப்பா உனக்கு."

"ஆமா ரோசல்," என்றான் அண்ணன், "மறந்துட்டேன்."