அம்மாவின் திதி நாளுக்கு இரண்டு பேர்

எங்கள் தீவுக் கோயிலின் அன்னதானப் பதிவைக் கணினிக்கு மாற்றிக் கொடுத்தவன் நான். தொடக்கத்தில், ஒருவர் ஒரு நாளைத் திறந்தால் ஆண்டு முழுவதற்குமான அட்டவணையே பூட்டிக்கொள்ளும். வெளிநாட்டிலிருந்து பதிய வந்தவர்கள் சினந்தார்கள். பிறகு, திறந்த நாளின் வரி மட்டும் பூட்டும்படி மாற்றி, ஐயருக்கும் விளக்கினேன்.

“அப்ப ஒராள் தைப்பூசத்தைத் திறந்து வைச்சிருந்தாலும் மற்றாள் ஆடி அமாவாசைக்கு எழுதலாமோ?”

“ஓம் ஐயா. அதே நாளுக்கு வாறவர் மட்டும் நிக்கோணும். முதல் ஆள் சேவ் பண்ணி முடிய, அவருக்குத் திறக்கும்.”

“எங்கட மடப்பள்ளியைவிடத் திறம். அங்கை ஒராள் உள்ளுக்கை போனா முழுக் கோயிலும் நிக்குது.”

அம்மாவின் முதலாம் ஆண்டுத் திதி நெருங்கியது. அண்ணன் கனடாவில். அம்மா இறந்தபோது, தான் வந்து சேரும்வரை உடலை வைத்திருக்கச் சொன்னவர். தன்னைப் பதப்படுத்தி வைக்கக்கூடாது, உடனே எடுத்துவிட வேண்டும் என்று அம்மா எங்கள் இருவரிடமும் சொல்லியிருந்தார். அம்மா சொன்னபடியே செய்தேன். அண்ணன் வந்து இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது.

“எனக்காக ரெண்டு நாள் நிக்க ஏலாமப் போச்சோ உனக்கு?” என்று கேட்டார். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

திதி நாளின் வரியைத் திறந்து, மேலே அவர் பெயரையும் கீழே என் பெயரையும் எழுதினேன். சேமிக்குமுன், வழக்கம்போல, யார் யார் காத்திருக்கிறார்கள் என்று காட்டும் திரையைப் பார்த்தேன். அதே வரிக்காக ஒருவர் நின்றார். அண்ணனின் பயனர் பெயர்.

உள்ளே இருப்பது யார் என்று காத்திருப்பவருக்குத் தெரியாது. அந்த ஓராண்டில் நாங்கள் இருவரும் ஒரே இடத்துக்கு வந்தது அதுதான் முதல்முறை. அவரை நிற்க வைக்க மனம் வரவில்லை. சேமித்தேன். பூட்டு அவர் கைக்குப் போனது.

அவர் உடனே மூடவில்லை. இரண்டு பெயரையும் பார்க்கிறார் என்று எண்ணி, தொலைபேசியை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். வரி விடுபட்டதும் திறந்தேன். என் பெயர் அப்படியே இருந்தது. தன்னுடையதை அழித்துவிட்டு, அடுத்த நாளின் வரியில் தனியாகப் பதிந்திருந்தார். இனி இருவரும் ஒரே நேரத்தில் எழுதலாம். ஒருவருக்காக மற்றவர் நிற்க வேண்டியதில்லை.

ஐயர் அண்ணனின் பதிவைப் பார்த்துவிட்டு, “கொண்ணர் நாளை மாறிப் பதிஞ்சிட்டார் போல. திதி முதல் நாள் எல்லோ? நீர் ஒருக்கா எடுத்துச் சொல்லும்” என்றார்.

“மாறேல்லை ஐயா. அப்பிடியே இருக்கட்டும்.”

இரண்டு நாளும் அன்னதானம் நடந்தது. அண்ணனின் நாளில், பந்தி முடியும்வரை, நான்தான் சோறு பரிமாறினேன்.